வெடிக்குப் படுத்த குட்டி

பழைய மாணவர் மலர்களில் நீங்கள் எழுதுவதை நான் விடாமல் வாசிக்கிறவன். என் வயதுக்காரர்கள், எண்பதுகளில் இங்கே வந்து இறங்கியவர்கள், கல்லூரி மைதானத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் அதிபரின் பிரம்பையும் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு அப்படி ஒரு மலர் இல்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசு என்றால் எனக்கு நாக்கு ஒட்டிவிடும். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். எனக்கும் ஒரு பள்ளிக்கூடக் காலம் இருந்தது. லண்டன் பிளேஸ்டோவில், எட்டு மாதம். மாணவன் ஒரு நாய்க்குட்டி.

அப்பா எண்பத்துநாலில் லண்டன் வந்துவிட்டார். அம்மாவும் நானும் மூன்று வருடம் பிந்தி ஒரு ஏஜென்சிக்காரன் மூலம் வந்தோம். அவன் செய்து தந்த கடவுச்சீட்டில் எனக்குப் பதினாறு வயது. உண்மையில் பன்னிரண்டு. நான் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தபடியால் விமான நிலையத்தில் யாரும் சந்தேகப்படவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாவிட்டால் இந்த நாட்டில் யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. உண்மை வயதைச் சொன்னால் அகதி விண்ணப்பம் பழுதாகிவிடும் என்று அப்பா பயந்தார்.

"கேஸ் முடியட்டும் தம்பி. பிறகு வயசைத் திருத்திப்போட்டு உன்னைப் பள்ளிக்கூடம் சேர்ப்பம்" என்றார்.

கேஸ் முடிந்தபோது எனக்கு உண்மையாகவே பதினேழு வயது.

ஆக, பகல் முழுவதும் நான் வீட்டில் இருந்தேன். கீழ்த்தளத்தில் ஓர் அறையும் சமைக்கக் குசினியும் எங்களுக்கு. மேல் அறையில் ஓர் அண்ணை. அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே பெற்றோல் செட்டில் கார்களுக்கு எண்ணெய் அடிக்கும் வேலை. அம்மா தையல் பக்டரிக்குப் போவார். மணி அடித்தால் திறக்காதே, யாரும் கேட்டால் பதில் சொல்லாதே என்பது அம்மாவின் சட்டம். அதைக் காப்பாற்றுவது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. ஊரில் கடைசி இரண்டு வருடமும் நான் பழகியது சத்தம் போடாமல் இருப்பதைத்தான்.

அந்தப் புரட்டாதியில் ஒரு மாலை, அப்பா வேலைச் சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். சட்டையின் கழுத்துக்குள்ளிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது. பிறகு இரண்டு நீளக் காதுகள். வெள்ளையும் மண்ணிறமுமாக ஒரு ஸ்பானியல் குட்டி. பிறந்து எட்டு வாரம். பால் புளித்த மணமும் அப்பாவின் சட்டையிலிருந்து ஏறிய பெற்றோல் மணமும் கலந்து அதில் வீசின.

"முதலாளியின்ரை" என்றார் அப்பா. "அவற்றை மனுசி ஆஸ்பத்திரியிலை. பாக்க ஆளில்லையாம். ஏழெட்டு மாசம் வைச்சிருந்து பழக்கித் தரட்டாம். மகனுக்குப் பதினாறு வயசெண்டு முந்தியே சொல்லிப்போட்டன். பதினாறு வயசுப் பெடியன் வீட்டிலை சும்மா இருக்கிறது நல்லதில்லையாம்."

பெற்றோல் செட் முதலாளி வெள்ளைக்காரர். குளிர்காலத்தில் நகரத்துக்கு வெளியே போய்த் துவக்கால் பறவை சுடுகிறவர். சுட்டு விழுத்திய பறவையைத் தேடி எடுத்து வரும் நாய் அவருக்கு வேண்டும்.

"இந்த ஒரு அறைக்குள்ளை நாங்கள் மூண்டு பேர். நாலாவதா நாயோ?" என்றார் அம்மா.

"வேட்டை நாய், இஞ்சேரும். நல்ல சாதி."

"வேட்டையாடி இஞ்சை ஆருக்குக் கறி வைக்கப் போறியள்?"

படியில் நின்ற மேல் அறை அண்ணை எட்டிப் பார்த்தார். "அக்கா, அதைத் துரத்தேலாது. அது இஞ்சை பிறந்தது. விசா இல்லாதது நாங்கள்தான்."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அப்பா உடுத்துக் கழித்த சாரம் ஒன்றை நாலாக மடித்துக் குசினி மூலையில் போட்டார்.

முதலாளி கைப்பட எழுதிய இரண்டு பக்கக் கடிதம் குட்டியோடு வந்தது. எப்படிப் பழக்க வேண்டும் என்று ஆறு விஷயம், இலக்கம் போட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா குசினி மேசையில் இருந்து அதை ஒரு கொப்பியில் தமிழில் எழுதித் தந்தார். அப்பாவின் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போகும். விசிலை ஒருதரம் நீட்டி ஊதினால் குட்டி குந்தி இருக்க வேண்டும். சின்னச் சின்னதாக மூன்று ஊதினால் ஓடி வர வேண்டும். எறிந்த பொருளைப் போ என்று காட்டும்வரை போய் எடுக்கக் கூடாது. கொண்டு வந்ததை வாயிலிருந்து பறிக்கக் கூடாது, அதுவாகக் கையில் தரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஒருநாளும் அடிக்கக் கூடாது. அந்தக் கொப்பி எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று வீடு மாறினோம். இன்றைக்கும் பழைய பெட்டி எதையாவது திறந்தால் என் கை முதலில் அதைத்தான் தேடும்.

கொப்பியில் நான்குக்குப் பிறகு ஆறு வந்தது. அப்பா இலக்கத்தைப் பிழையாகப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

முதலாளி குட்டிக்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார். என் வாயில் அது வரவில்லை. நாங்கள் குட்டி என்றே சொன்னோம். பழக்கும்போது அதைக்கூட நான் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் சொல்ல எனக்குச் சொல் இல்லை, தமிழில் சொன்னால் பிறகு முதலாளிக்கு உதவாது. ஆகவே விசிலும் கையும் மட்டும். பின்வளவில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே பத்தடி நிலம்தான். அங்கே நான் ஒன்றும் பேசாமல் நிற்க, குட்டியும் என் கையைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் இருக்கும். அப்பாவின் பழைய காலுறைக்குள் துணி அடைத்துக் கட்டியதுதான் எங்கள் பறவை. எறிந்தால் அதன் உடம்பு முழுவதும் நடுங்கும், ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையாது. என் விரல் நீண்டதும் பாயும். காதுகள் இரண்டும் பின்னால் பறக்க அந்தக் காலுறையைக் கொண்டு வந்து, என் முழங்காலில் நெஞ்சை முட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்கும். நான் கையை ஏந்தியபடி காத்திருப்பேன். ஈரமான காலுறை உள்ளங்கையில் விழும் அந்த நேரத்தைப் போல ஒரு நேரம் எனக்கு லண்டனில் அதுவரை வாய்த்ததில்லை. ஓர் உயிர், நான் நினைத்ததை நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டது.

இரண்டு சம்பவங்கள் சொல்ல வேண்டும். முதலாளி ஒருநாள் புறா இறக்கை ஒன்றைக் கொடுத்தனுப்பினார், காலுறையில் கட்டி மணம் பழக்குவதற்கு. அப்பா அதைப் பேப்பரில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அன்று வெள்ளிக்கிழமை. அம்மா தலை தோய்ந்து, விளக்கு வைத்து, கத்தரிக்காய் எடுக்கப் போனவர் பேப்பரை அவிழ்த்தார்.

"ஐயோ முருகா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

மேல் அறை அண்ணை ஓடி வந்து பார்த்தார். "புறாதானே அக்கா. சமாதானத்துக்குத் தூது வந்திருக்கும்."

"சமாதானம் செட்டையை மட்டுமோ அனுப்பும்? உம்மடை முதலாளிக்குக் கொண்டுபோய்க் குடும்!"

மற்றது, அம்மா சந்தையிலிருந்து வந்து பையை நடையில் வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். குட்டி பைக்குள் தலையை விட்டு ஒரு முட்டையை எடுத்தது. அம்மா கத்த வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். குட்டி மெல்ல நடந்து வந்து, அம்மாவின் முன் இருந்து, முட்டையை வாயில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. நான் என் கையை ஏந்திக் காட்டினேன். அம்மாவும் கையை ஏந்தினார். முட்டை அவர் கையில் வந்து விழுந்தது. ஒரு கீறல் இல்லை. அம்மா சிரித்தார். இங்கே வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். "பல்லே இல்லாத மாதிரியெல்லோ தருது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த முட்டையைப் பொரிக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் மேசையில் இருந்தது.

கார்த்திகையில் இந்த நாட்டுக்காரர் வாணம் விடும் நாள் ஒன்று உண்டு, அதற்காக ஐப்பசி முடிவிலேயே பெடியள் வெடி கொளுத்தத் தொடங்குவார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், கழிவுநீர்க் குழாய்க்கு மேலே மண்மேட்டில் ஒரு நீளப் பாதை இருந்தது. பின்னேரங்களில் குட்டியை அங்கே கொண்டு போவேன். ஒருநாள் எங்களுக்குப் பின்னால் ஒன்று வெடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது என் கன்னத்தில் குளிர்ந்த சரளைக்கல். நான் குப்புறப் படுத்திருந்தேன். வாய் சற்றே திறந்திருந்தது. ஊரில் ஷெல் விழும்போது வாயைத் திறந்து வைத்திரு, காது வெடிக்காது என்று பழக்கியிருந்தார்கள். கயிறு என் கையில் சுற்றியிருந்ததால் குட்டியும் இழுபட்டு என் பக்கத்தில் கிடந்தது. அதன் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது. அதன் முதுகின் நடுவில் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன். வெடி போட்ட பெடியள் சிரித்துக்கொண்டு ஓடிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் குட்டி என் காதை நக்கியது.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. நான் எதையும் சொல்கிற பிள்ளை இல்லை. அதனால் அப்பா என்னைத் துணிந்த பிள்ளை என்று நினைத்திருந்தார். "இவன் ஒண்டுக்கும் பயப்பிடான். தாய்தான் பாவம்" என்று அண்ணையிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அப்பா ஷெல்லடிக்கு முந்தி வந்தவர். அவர் கண்டது அம்மாவின் பயத்தை மட்டும்தான். அது வெளியே தெரிகிற பயம்.

சில நாள் கழித்து முதலாளியின் கடிதத்தை அண்ணையிடம் நீட்டி, ஐந்தாவதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் வேலைக்குப் போகப் படியில் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாய் சாப்பிடேக்குள்ளை தூரத்திலை நிண்டு சட்டியிலை தட்ட வேணுமாம். நாளுக்கு நாள் கிட்டக் கிட்ட. பிறகு விளையாட்டுத் துவக்கு. அப்பத்தான் வெடிச் சத்தமெண்டா நல்ல விஷயம் எண்டு அது நினைக்குமாம்." அவர் சிரித்தார். "நாங்கள் வெடி கேட்டாச் சாப்பாட்டைப் போட்டிட்டெல்லோ ஓடினனாங்கள்."

"அப்பா ஏன் இதை எழுதேல்லை?"

"கொம்மாவைப் பாத்தனிதானே. அண்டைக்குச் சட்டி மூடி ஒண்டு விழ மனுசி மேசைக்குக் கீழை. இந்த வீட்டிலை சட்டி தட்டேலுமே?"

"சத்தம் பழக்காட்டி?"

"பயந்தாங்கொள்ளி நாயை வைச்சு முதலாளி என்ன செய்யிறது? நீயே வைச்சிரு எண்டு விட்டிட்டுப் போவான்."

அண்ணை பகிடியாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் கடிதத்தோடு அப்படியே படியில் இருந்தேன். குட்டி போய்விடும் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, காலை ஏழு மணிக்கு எல்லோரும் போனபின் அந்த வீட்டில் தனியே இருப்பது வேறு. குட்டி வெடிக்குப் பயந்தால் அது என்னோடு இருக்கும். பயப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு பாடத்தை நான் நன்றாகப் படித்திருந்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பழக்கினேன். கடைக்காரர் மரக்கறி போட்டுத் தரும் மண்ணிறக் கடதாசிப் பைகளைச் சேர்த்து வைத்தேன். அம்மா வேலைக்குப் போனதும் பின்வளவில் ஒரு பையை ஊதி அடித்து வெடிக்க வைப்பேன். நான்தான் அடிக்கிறேன் என்று தெரிந்தும் என் உடம்பு கேட்காது, ஈரமண்ணில் விழுந்து படுத்துவிடுவேன். குட்டியும் படுக்கும். அது நடுங்குவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை. முதுகில் கையை வைத்து, நடுக்கம் நிற்கும்வரை வைத்திருந்து, பிறகு ஒரு மாரி பிஸ்கட்டில் பாதியைக் கொடுப்பேன். தை மாதத்துக்கு முதலே நடுக்கம் நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. படுக்கிறதுதானே, படுக்கிற நாய் பயந்த நாய்தானே என்று பன்னிரண்டு வயது மூளை நினைத்தது.

வைகாசியில் ஒரு ஞாயிறு முதலாளி காரில் வந்தார். அப்பாவும் நானும் பின்சீட்டில். குட்டி என் காலடியில். இப்போது அது குட்டி இல்லை, முழு நாய். எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணை. வழியில் முதலாளி ஏதோ கேட்க அப்பா "யெஸ் சேர், யெஸ் சேர்" என்றார். சத்தம் எல்லாம் பழக்கியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். என் வயதைத் தவிர வேறெதிலும் அப்பா பொய் சொல்லுகிறவர் இல்லை. அன்று சொன்னார்.

புல்வெளியில் எல்லாம் சரியாக நடந்தது. விசிலுக்கு இருந்தது, கைக்கு ஓடியது, எறிந்ததைக் கொண்டு வந்து முதலாளியின் கையில் கொடுத்தது. நான் ஒரு சொல்லும் பேசாமல் பழக்கியதைக் கண்டு அவர் தலையை ஆட்டினார். இப்படி வாய் மூடிப் பழக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் குறைவு என்று சொன்னதாக அப்பா பெருமையோடு தமிழில் சொன்னார்.

பிறகு அவர் துவக்கை எடுத்துக்கொண்டு தூரத்து வேலிப்பக்கம் போனார். குட்டி எனக்குப் பத்தடி முன்னால் நின்றது. முருகா, அது பயப்பட வேண்டும், ஓடிவந்து என் காலுக்குள் நுழைய வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

வெடி கேட்டது.

புல்லுக்குள் முகம் புதைந்து கிடந்தேன். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திருப்பினேன். குட்டியும் படுத்திருந்தது. முன்னங்கால்களுக்கு நடுவில் தலை. அசைவில்லை. கண் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. வால் புல்லில் மெல்ல அடித்தது. பிஸ்கட்டுக்காகக் காத்திருந்தது.

அது பயப்படவில்லை என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

முதலாளி கையை விரித்துக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. பக்கத்தில் வந்ததும் என்னைப் பார்த்தார். நானும் சேர்ந்து படுத்துக் காட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கும் முறை என்று நினைத்தாரோ என்னவோ, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். வேகமாக ஏதோ சொன்னார். அப்பா அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவர் முதலாளியைப் பார்க்கவில்லை.

"வெடிக்குப் படுக்கிற நாயாம். வேட்டைக்கு அப்பிடித்தான் வேணுமாம், பறவையைக் கலைச்சு ஓடாதாம். வருஷக் கணக்காப் பழக்கினாலும் எல்லா நாய்க்கும் வராதாம். அருமையாப் பழக்கியிருக்கிறியாம்." கொஞ்சம் நிறுத்தி, "எழும்பு, தம்பி" என்றார்.

நான் எழும்பவில்லை. எழும்ப ஏலவில்லை. மூன்றாம் தரம் சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது. முழங்காலூன்றி என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார்.

முதலாளி தான் கொண்டுவந்த கயிற்றைக் குட்டியின் கழுத்தில் போட்டு என் கயிற்றைக் கழற்றி என்னிடமே தந்தார். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார். எங்களை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டபோது குட்டி காரின் பின்கண்ணாடியில் மூக்கை வைத்து என் கையைப் பார்த்தது. ஏதாவது காட்டுவேன் என்று பார்த்தது. நான் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ரயிலில் பெட்டி காலியாக இருந்தது. அப்பாதான் முதலில் பேசினார்.

"கொப்பியிலை அஞ்சாவதை நான் எழுதேல்லை."

"தெரியும்."

"கொம்மாவுக்காகத்தான் விட்டனான். உனக்கும் அந்தப் பயம் இருக்கெண்டு நான்…" அவர் யன்னலைப் பார்த்தார். பிறகு, "பிறகு எப்பிடி அதைப் பழக்கினனி?" என்று கேட்டார்.

"பக்கத்திலை படுத்து முதுகிலை கை வைச்சனான். நடுக்கம் நிக்கும்வரைக்கும். பிறகு பாதி பிஸ்கட்."

அப்பா தலையை ஆட்டினார். நான் ஏன் பழக்கினேன் என்பதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் போய் இப்போது ஒன்பது வருடம்.

அந்த வருடக் கார்த்திகையில், வெடி கொளுத்துகிற நாளன்று, அப்பா வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு இடுப்பு நோகிறது என்றார். பின்னேரம் ஐந்தரை மணியிருக்கும். நான் குசினியிலிருந்து தேத்தண்ணீர்க் கோப்பையோடு நடையில் வந்துகொண்டிருந்தேன். பின்வீட்டு வளவில் முதல் வாணம் வெடித்தது. கோப்பை எங்கே போனது என்று தெரியாது. நடையின் லினோலியத்தில் குப்புறக் கிடந்தேன்.

அறைக் கதவு திறந்தது. எழும்பு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்பா சிந்திய தேத்தண்ணீரைக் கடந்து வந்து, அந்த ஒடுங்கிய நடையில் என் பக்கத்தில், பெரிய உடம்பைச் சிரமப்பட்டு மடித்து, குப்புறப் படுத்தார். வேலைக்குப் போகாத அன்றும் அவர் சட்டையில் பெற்றோல் மணம் இருந்தது. என் முதுகின் நடுவில் கையை வைத்தார். இன்னொன்று வெடித்தது. அவர் கை எடுபடவில்லை. குசினி வாசலில் அம்மா வந்து நின்றதும், சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்ததும் எனக்குத் தெரிந்தது.

நடுக்கம் நிற்க நெடுநேரம் எடுத்தது. நின்றபின் அப்பா மற்றக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். படுத்ததில் நொறுங்கிப்போன ஒரு மாரி பிஸ்கட். அதில் பாதியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் கையை ஏந்தினேன்.